சி மொழி: ஒரே நிரல், கம்பைலருக்கு ஒரு விடை ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேபில் ஓடியது வீட்டில் ஓடவில்லை, லினக்ஸில் வந்த விடை விண்டோஸில் வரவில்லை, ராஸ்ப்பெரி பையில் போட்டதும் லூப் நிற்கவே இல்லை. சி படிப்பவர்களும் சியில் வேலை பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்தச் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறோம். கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்; சுவிட்ச் என்பது அதற்கு நாம் தரும் அமைப்பு. ஃபங்ஷன் பெயர்களையும் கம்பைலர் சுவிட்சுகளையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். எடுத்துக்காட்டுகளில் மாறியின் பெயர் "அ". அது சும்மா வைத்த பெயர் இல்லை, 12ஆம் கேள்வியில் அதற்கு வேலை இருக்கிறது.

1. சி ஒரே மொழிதானே, அப்புறம் எப்படி ரெண்டு கம்பைலர் ரெண்டு விடை தரும்?

சி என்பது ஒரு மென்பொருள் இல்லை, ஒரு ஆவணம். 1989இல் அமெரிக்காவின் ஆன்சி தரநிலையாக வந்தது. 1990இல் ஐஎஸ்ஓ அதை 9899 என்ற எண்ணில் ஏற்றுக்கொண்டது. பிறகு சி99, சி11, சி17, சி23 என்று திருத்திய பதிப்புகள் வந்தன. ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி ஆகியவை அந்த ஆவணத்தைப் படித்துத் தனித்தனி ஆட்கள் தனித்தனியாக எழுதிய கம்பைலர்கள்.

ஆவணம் "விடை இதுதான்" என்று சொன்ன இடத்தில் எல்லாக் கம்பைலரும் ஒரே விடை தரும். ஆவணம் வாய் திறக்காத இடத்தில் அவரவர் வசதிப்படி செய்வார்கள். அதனால் "எந்தக் கம்பைலர் சரி?" என்று கேட்கும் முன் "இந்த இடத்தில் விடை உண்டு என்று தரநிலை வாக்குக் கொடுத்திருக்கிறதா?" என்று கேளுங்கள். கீழே வரும் கேள்விகளில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

2. வாக்குக் கொடுக்காத இடம்னா என்ன? எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை, மூன்று வகை. முதல் வகையில் கம்பைலர் தன் விருப்பப்படி முடிவெடுக்கலாம், ஆனால் எடுத்த முடிவைக் கையேட்டில் எழுதி வைக்க வேண்டும். முழு எண் வகையான இன்ட் எத்தனை பைட் என்பது இப்படி. இரண்டாம் வகையில் சில வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், எழுதி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு கோவையில் இரண்டு ஃபங்ஷன்களைக் கூட்டினால் எதை முதலில் அழைப்பது என்பது இந்த வகை. இன்று ஒரு வரிசை, சுவிட்ச் மாற்றினால் வேறு வரிசை என்றும் இருக்கலாம்.

மூன்றாவதுதான் ஆபத்து. அன்டிஃபைன்ட் பிஹேவியர், பேச்சில் யூபி. இங்கே தரநிலை எதையுமே கட்டாயப்படுத்தவில்லை. தப்பான எண் வரலாம், நிரல் விழலாம், நீங்கள் எதிர்பார்த்ததே வரலாம். எதிர்பார்த்தது வந்துவிட்டால் சரியாக எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம் பாருங்கள், பிழை அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

3. தரநிலை எழுதினவங்க ஏன் எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்கல?

ஆன்சி குழு 1983இல் உட்காரும்போதே சி பல விதமான கணினிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பைட்டுக்கு 9 பிட் உள்ளவை, 36 பிட் சொல் உள்ளவை, எதிர்ம எண்ணை வேறு முறையில் வைப்பவை எல்லாம் இருந்தன. ஒன்றை மட்டும் சரி என்றால் மற்றவற்றில் சி மெதுவாகும், அல்லது இருக்கும் நிரல்கள் உடையும். அதனால் வேற்றுமை இருந்த இடங்களைத் திறந்து விட்டார்கள்.

அந்தக் கணினிகள் போய்விட்டன. எதிர்ம எண்ணுக்கு டூஸ் காம்ப்ளிமென்ட் முறை மட்டுமே என்று சி23 கட்டாயமாக்கிவிட்டது. ஆனாலும் யூபி குறையவில்லை, ஏனென்றால் அதற்குள் கம்பைலர்கள் அதை வேகத்துக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. அது 13ஆம் கேள்வியில் வருகிறது.

4. 8 ஃபேக்டோரியல் லேப்ல மைனஸ்ல வருது, லேப்டாப்ல சரியா வருது. லேப் சிஸ்டம் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. நம் ஊர் ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடிய டர்போ சி, 16 பிட் டாஸுக்காக எழுதப்பட்டது. அதில் இன்ட் 2 பைட், பெரிய எண் 32767. 7 ஃபேக்டோரியல் 5040, அடங்கிவிடும். 8 ஃபேக்டோரியல் 40320, அடங்காது. 40320இல் 65536ஐக் கழித்துப் பாருங்கள்: -25216. திரையில் வந்தது அதுதானே?

லேப்டாப்பில் ஜிசிசிக்கு இன்ட் 4 பைட், அதனால் 12 ஃபேக்டோரியல் வரை (479001600) பிழைத்துக்கொள்ளும். 13 போட்டால் 6227020800 வர வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 1932053504 வரும். மைனஸ் குறி இல்லாததால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. டர்போ சி தந்த -25216 இதைவிட நேர்மையான தவறு.

இன்டுக்குத் தரநிலை தரும் வாக்கு "குறைந்தது 16 பிட்" என்பது மட்டுமே. அளவு முக்கியம் என்றால் சி99இல் வந்த எஸ்டிடிஇன்ட் தலைப்புக் கோப்பைச் சேர்த்து இன்ட்32_டி, இன்ட்64_டி என்று அறிவியுங்கள். 64 பிட்டில் 20 ஃபேக்டோரியல் வரை போகலாம், 21 வழியும். டர்போ சி சி99க்கு முந்தையது. அதில் இந்தக் கோப்பு கிடையாது.

5. அப்ப இன்டுக்குப் பதிலா லாங் போட்டுட்டா போதும்ல?

64 பிட் லினக்ஸில் போதும், லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 4 பைட்தான். ஜிசிசியையே விண்டோஸில் நிறுவினாலும் வழக்கமாக அதே 4தான், ஏனென்றால் இதை முடிவு செய்வது கம்பைலர் மட்டுமில்லை, இயங்குதளத்தின் ஒப்பந்தம். 13 ஃபேக்டோரியல் லினக்ஸில் சரி, விண்டோஸில் தப்பு என்று வருவதற்குக் காரணம் இதுவே. லாங் லாங் இரண்டிலும் 8 பைட்.

6. அ = 5; ++அ + ++அ. ஜிசிசில 14, கிளாங்ல 13. எது கரெக்ட்?

இரண்டும் இல்லை. ++அ என்றால் அ-வில் 1 கூட்டு என்று பொருள். ஒரே கோவையில், இடையில் வரிசைப் புள்ளி (அதுவரையிலான மாற்றங்கள் முடிந்திருக்க வேண்டிய இடம்) எதுவும் இல்லாமல், ஒரே மாறியை இரண்டு தடவை மாற்றினால் அது யூபி. விடை உண்டு என்ற வாக்கே இங்கே இல்லை.

எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால்: கிளாங் இடப்பக்கத்தை 6 ஆக்கி, அந்த 6ஐக் கையில் வைத்துக்கொண்டு, வலப்பக்கத்தை 7 ஆக்கிக் கூட்டுகிறது. ஜிசிசி இரண்டு ++ஐயும் முடித்துவிட்டு, அ 7 ஆன பிறகு அ + அ போடுகிறது. பிரின்ட்எஃபுக்குள் அ++, அ++ என்று இரண்டு கொடுத்தாலும் இதே கதை. இன்டெல் கணினியில் ஜிசிசி வழக்கமாக 6 5 என்று அச்சிடும், கிளாங் 5 6 என்று. ஒன்று வலமிருந்து போகிறது, இன்னொன்று இடமிருந்து.

இரண்டுமே உங்களை எச்சரிக்கும். கிளாங் தானாகவே சொல்லும், ஜிசிசிக்கு -டபிள்யூஆல் சுவிட்ச் போட வேண்டும். திருத்துவது எளிது: ஒரு வரிக்கு ஒரு மாற்றம். சி++ படிப்பவர்களுக்கு ஒரு இடைச்செருகல்: சி++17இலிருந்து பிரின்ட்எஃப் எடுத்துக்காட்டு யூபி இல்லை, ஆனால் எந்த ஆர்க்யுமென்ட் முதலில் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. 2ஆம் கேள்வியின் மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

7. எக்ஸாம்ல, இன்டர்வியூல இதைத்தானே கேக்கறாங்க? என்னன்னு எழுதறது?

"வரையறை இல்லாதது" என்ற தெரிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைக் குறியுங்கள். நேர்முகத்தில் எண்ணைச் சொல்லாமல், 6ஆம் கேள்வியில் உள்ள காரணத்தைச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் எதிரில் இருந்தால் அதுவே நல்ல விடை.

எண்கள் மட்டுமே தெரிவாக இருக்கும் தாளில், அந்தப் பாடநூல் எந்தக் கம்பைலரில் ஓட்டிப் பார்த்ததோ அதன் எண்தான் "சரியான" விடையாக அச்சாகியிருக்கும். மதிப்பெண்ணுக்காக அதை எழுதிவிட்டு மறந்துவிடுங்கள். கேள்வியே தவறு என்பது எங்கள் கருத்து.

8. கோனியோ, சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்சிஹெச், வாய்ட் மெயின் எல்லாம் ஜிசிசில எர்ரர் வருதே. இதுவும் யூபியா?

இல்லை, இவை சியே இல்லை. திரையைத் துடைப்பதும் விசை அழுத்தக் காத்திருப்பதும் டர்போ சியைத் தயாரித்த போர்லாண்ட் நிறுவனம் டாஸுக்காகத் தன் நூலகத்தில் சேர்த்தவை. லினக்ஸில் கோனியோ என்ற கோப்பே கிடையாது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள், டெர்மினலில் ஓட்டும்போது அவற்றுக்குத் தேவையும் இல்லை. வாய்ட் மெயின் போட்டால் ஜிசிசி அதிகபட்சம் எச்சரித்துவிட்டு விட்டுவிடும். தரநிலை எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வது இன்ட் மெயின் மட்டுமே.

இதே பட்டியலில் இன்னும் இரண்டு. கெட்ஸ் என்ற ஃபங்ஷனை சி11 நீக்கிவிட்டது, எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். ஸ்கேன்எஃபுக்குப் பின் மிச்சமிருக்கும் எண்டர் விசையைத் துடைக்க எஃப்ஃப்ளஷ் எஸ்டிடிஇன் என்று எழுதுவது பழைய விண்டோஸ் நூலகங்களில் வேலை செய்த பழக்கம். தரநிலைப்படி அது யூபி, லினக்ஸில் டெர்மினலில் ஒன்றும் ஆகாது. புதுவரிக் குறி வரும்வரை கெட்கேரால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தள்ளுங்கள்.

9. மாறிக்கு மதிப்பே கொடுக்கல. ஜிசிசில 0 வருது, விஷுவல் ஸ்டுடியோல -858993460 வருது. அது என்ன நம்பர்?

ஃபங்ஷனுக்குள் அறிவித்த மாறிக்குத் தொடக்க மதிப்பு கிடையாது. ஜிசிசியில் வந்த 0 தற்செயல், அந்த நினைவக இடத்தில் ஏற்கெனவே என்ன கிடந்ததோ அது. விஷுவல் சி டீபக் முறையில் வேண்டுமென்றே ஒவ்வொரு பைட்டிலும் 204ஐ நிரப்பி வைக்கிறது. நான்கு 204களை ஒரு இன்டாகப் படித்தால் -858993460. அந்த எண்ணைக் கண்டாலே "மதிப்புக் கொடுக்க மறந்திருக்கிறாய்" என்று பொருள். ரிலீஸ் முறைக்கு மாற்றினால் இந்த உதவி இருக்காது.

10. பிசில நல்லா ஓடின ஃபைல் படிக்கிற லூப் ராஸ்ப்பெரி பைல நிக்கவே மாட்டேங்குது. ஏன்?

கெட்கேர் தரும் மதிப்பைக் கேர் வகை மாறியில் வாங்கியிருப்பீர்கள். கேர் குறியுடையதா குறியற்றதா என்பது 2ஆம் கேள்வியின் முதல் வகை, அதாவது கம்பைலரின் முடிவு. இன்டெல் கணினிகளில் குறியுடையது, -128 முதல் 127 வரை. ராஸ்ப்பெரி பையில் உள்ளது போன்ற ஆர்ம் சில்லில் ஓடும் லினக்ஸில் குறியற்றது, 0 முதல் 255 வரை. கோப்பின் முடிவைக் காட்டும் ஈஓஎஃப் -1. ஆர்மில் அந்த -1 கேரில் விழுந்து 255 ஆகிவிடும். 255ஐ -1உடன் ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. லூப் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிசியில் "நல்லா ஓடின" நிரலும் பழுதுதான். கோப்பின் நடுவே 255 மதிப்புள்ள பைட் ஒன்று வந்தால் அங்கேயே முடிந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். உரைக்கோப்பில் தெரியாது, படக்கோப்பில் தெரியும். கெட்கேர் தருவது இன்ட், அதை இன்டிலேயே வாங்குங்கள். ஆர்ம் என்றாலே குறியற்றது என்றும் முடிவு கட்ட வேண்டாம், ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் கேர் குறியுடையது. லினக்ஸ் கெர்னலே இந்தக் குழப்பம் வேண்டாம் என்று 2023இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து எல்லா இடத்திலும் குறியற்றதாக வைத்துக்கொண்டது.

11. தமிழ் எழுத்தை பைட் பைட்டா பிரின்ட் பண்ணா மைனஸ் மைனஸா வருது. "அ"வை ஒற்றை மேற்கோள்ல போட்டா கிளாங் ஏத்துக்கவே மாட்டேங்குது.

எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "அ" என்பது 224, 174, 133. 10ஆம் கேள்வியில் சொன்னபடி இன்டெல் கணினியில் கேர் குறியுடையது, எனவே அவை -32, -82, -123 என்று தெரியும். ஆர்ம் லினக்ஸில் அதே நிரல் 224, 174, 133 என்று காட்டும். அச்சிடுவதோடு போனால் பரவாயில்லை. அந்தக் கேரையே அட்டவணையின் சுட்டெண்ணாகப் போட்டால் அட்டவணைக்கு முன்னால் உள்ள நினைவகத்தைத் தொடுவீர்கள். எழுத்தா என்று சோதிக்கும் இஸ்ஆல்ஃபாவுக்கு இந்த எதிர்ம எண்களை அனுப்புவதும் யூபி; விஷுவல் சியின் டீபக் முறை அங்கேயே நிறுத்தி அசெர்ஷன் பெட்டியைக் காட்டும். அன்சைன்ட் கேராக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

ஒற்றை மேற்கோளுக்கு வருவோம். கண்ணுக்கு ஒரு எழுத்து, கம்பைலருக்கு மூன்று பைட். ஜிசிசி "உள்ளே பல எழுத்துகள் இருக்கின்றன" என்று எச்சரித்துவிட்டு மூன்று பைட்டையும் ஒட்டி 14724741 என்ற எண்ணாக்கித் தரும். கிளாங் பிழை என்று நிறுத்திவிடும். பல எழுத்து மாறிலியின் மதிப்பு கம்பைலரின் முடிவு என்பதால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தமிழைச் சரமாகவே, இரட்டை மேற்கோளில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் "தமிழ்" என்ற சொல்லுக்கு, சரத்தின் நீளத்தை பைட்டில் சொல்லும் எஸ்டிஆர்லென் 15 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, குறிக்கு மூன்று பைட்.

அகன்ற எழுத்து வகையான டபிள்யூகேர்_டி பக்கம் போனால் வேறு வேற்றுமை. லினக்ஸில் அது 4 பைட், விண்டோஸில் 2. அன்றாடத் தமிழ் எழுத்துகள் இரண்டிலும் அடங்கும். யூனிகோடில் 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள் விண்டோஸில் ஒரு இடத்தில் அடங்காது, இரண்டு இடம் பிடிக்கும்.

12. மாறிக்கே தமிழ்ல பேர் வைக்கலாமா? ஒரு சிஸ்டத்துல ஓடுது, இன்னொண்ணுல ஸ்ட்ரே 340னு எர்ரர்.

வைக்கலாம். சி99இலிருந்தே தரநிலை இதற்கு வழி விட்டிருக்கிறது, கம்பைலர்கள்தான் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கோப்பில் நேரடியாகத் தமிழில் தட்டிய பெயரை ஜிசிசி 2020இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. அதற்கு முந்தைய ஜிசிசி முதல் பைட்டைப் பார்த்ததுமே முரண்டு பிடிக்கும். அது காட்டும் 340 எட்டை அடிப்படையாகக் கொண்ட எண். பதின்மத்தில் 224, அதாவது 11ஆம் கேள்வியில் பார்த்த "அ"வின் முதல் பைட். விஷுவல் சியில் கோப்பு யூடிஎஃப்-8 என்று சொல்லும் சுவிட்சைப் போட வேண்டியிருக்கும்.

ஒரு பொறி உண்டு. "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றால் தட்டலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, கம்பைலருக்கு அவை இரண்டு வேறு மாறிகள். ஜிசிசி இரண்டாம் வகையைக் கண்டால் எச்சரிக்கும். எல்லோரும் ஒரே விசைப்பலகை அமைப்பைப் பயன்படுத்தும் குழு என்றால் சிக்கல் வராது.

13. ஆப்டிமைசேஷன் போட்டா மட்டும் ரிசல்ட் மாறுது. அப்ப ஆப்டிமைசர்ல பக்தானே?

பெரும்பாலும் இல்லை. மிகப் பிரபலமான எடுத்துக்காட்டு: வழிதலைக் கண்டுபிடிக்க "அ + 1 < அ" என்று சோதிப்பது. கிளாங்கில் -ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லை) போட்டு, பெரிய இன்டுடன் 1 கூட்டினால் பெரும்பாலும் எதிர்ம எண் வரும், சோதனை உண்மையாகும். ஆப்டிமைசேஷன் உள்ள -ஓ2இல் ஜிசிசியும் கிளாங்கும் வேறு மாதிரி யோசிக்கும்: குறியுள்ள எண் வழிவது யூபி, யூபி நடக்காது என்று எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு, அப்படியானால் அ + 1 ஒருநாளும் அ-வைவிடச் சிறிதாகாது. சோதனையையே தூக்கிவிடும். ஒரே கம்பைலர், ஒரே கணினி, சுவிட்ச் மட்டும் வேறு.

கூட்டிவிட்டுச் சோதிக்காதீர்கள், சோதித்துவிட்டுக் கூட்டுங்கள்: அ இன்ட்_மேக்ஸுக்கு (இன்டில் அடங்கும் பெரிய எண்) சமமா என்று முதலில் பாருங்கள். சி23 என்றால் இதற்கென்றே சிகேடி_ஆட் இருக்கிறது. பழைய நிரலை உடனே திருத்த முடியாது என்றால் -எஃப்ராப்வி சுவிட்ச் போட்டால் ஜிசிசியும் கிளாங்கும் வழிதலைச் சுற்றிவருவதாகவே கொள்ளும். விஷுவல் சிக்கு அதே பெயரில் சுவிட்ச் கிடையாது.

இது வெறும் பாடநூல் சமாச்சாரம் இல்லை. 2009இல் லினக்ஸ் கெர்னலின் டன் டிரைவரில் (மெய்நிகர் நெட்வொர்க் சாதனத்துக்கான பகுதி) ஒரு பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு, அடுத்த வரியில் அது "நல்" (எதையும் சுட்டாத பாயின்டர்) தானா என்று சோதித்திருந்தார்கள். "பயன்படுத்திவிட்டாயே, அப்போது நல் பாயின்டராக இருக்க முடியாது" என்று ஜிசிசி அந்தச் சோதனையை நீக்கிவிட, பாதுகாப்பு ஓட்டை திறந்தது. அதன் பிறகு கெர்னல் அந்த வகை நீக்கத்தைத் தடுக்கும் சுவிட்சோடு கம்பைல் ஆகிறது.

14. பூஜ்யத்தால வகுத்தா பிசில புரோகிராம் சாகுது, மொபைல்ல 0னு வருது. எப்படி?

இன்டை 0ஆல் வகுப்பது யூபி, எனவே சில்லு என்ன செய்கிறதோ அதுவே பெரும்பாலும் தெரியும். இன்டெல் சில்லு பொறி வைத்து நிறுத்தும். லினக்ஸ் அதை "ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்செப்ஷன்" என்று அறிவிக்கும், நிரலில் ஒரு ஃப்ளோட் கூட இல்லாவிட்டாலும். 64 பிட் ஆர்ம் சில்லின் வகுத்தல் கட்டளை சத்தமில்லாமல் 0 தரும். மிகச் சிறிய இன்டை -1ஆல் வகுத்தாலும் அப்படியே: இன்டெலில் விழும், ஆர்மில் அதே எண் திரும்பி வரும்.

1ஐ 32 இடம் இடப்பக்கம் தள்ளுவதும் இந்த ரகம். சில்லிடம் விட்டால் இன்டெலில் 1, 32 பிட் ஆர்மில் 0.

15. டெசிமல் கணக்குல கடைசி இலக்கம் மட்டும் மாறுது. 0.1 + 0.2 பிரச்சினைதானே இது?

அது வேறு. 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 வருவது இன்றைய கணினிகளில் டபுளுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது. நீங்கள் பார்ப்பது கணினிக்குக் கணினி மாறுவது. அதற்கு முக்கியமாக இரண்டு காரணம்.

பழைய 32 பிட் இன்டெலில் ஜிசிசி எக்ஸ்87 என்ற பழைய தசமக் கணக்கு அலகைப் பயன்படுத்தும். அது இடைக்கணக்கை 80 பிட்டில் வைத்துக்கொண்டு, நினைவகத்தில் எழுதும்போது மட்டும் 64க்கு வெட்டும். ஒரே கோவையை இரண்டு முறை கணக்கிட்டு == போட்டால் சமமில்லை என்று வரலாம். ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 323 என்ற எண் இதற்காகவே பெயர் பெற்றது. 64 பிட்டுக்குப் போனாலோ, அதற்குப் பதிலாக எஸ்எஸ்இ என்ற புதிய கட்டளைகளைப் பயன்படுத்தும் சுவிட்ச் போட்டாலோ தீரும். இரண்டாவது, புதுசு: 64 பிட் ஆர்மில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில், நடுவே வட்டமாக்காமல் செய்யலாம். ஜிசிசி அனுமதி கேட்காமலே அப்படிச் சேர்க்கும். அடிப்படை இன்டெல் 64 பிட்டில் அந்தக் கட்டளை இல்லை. இரண்டிலும் ஒரே இலக்கம் வேண்டுமென்றால் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்.

லாங் டபுளை நம்பி இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். விஷுவல் சியில் அது வெறும் டபுள், இன்டெல் லினக்ஸில் 80 பிட், 64 பிட் ஆர்ம் லினக்ஸில் 128 பிட்.

16. கம்பைலர் ஒண்ணுதான், ஆனா உபுண்டுல சார்ட் ஆன லிஸ்ட் ஆல்பைன்ல வேற மாதிரி வருது.

இங்கே மாறியது கம்பைலர் இல்லை, நூலகம். உபுண்டுவில் ஜிலிப்சி, ஆல்பைனில் மஸ்ல். சமமான இரண்டு உறுப்புகள் பழைய வரிசையிலேயே இருக்கும் என்று, வரிசைப்படுத்தும் க்யூசார்ட் ஃபங்ஷனுக்குத் தரநிலை வாக்குக் கொடுக்கவில்லை. ஜிலிப்சி நெடுங்காலம் மெர்ஜ் சார்ட் பயன்படுத்தியதால் வரிசை தற்செயலாகக் காப்பாற்றப்பட்டது. மஸ்ல் பயன்படுத்தும் ஸ்மூத்சார்ட் அப்படிக் காக்காது. ஒரே மதிப்பெண் எடுத்தவர்கள் பெயர் வரிசையில் வர வேண்டுமென்றால் ஒப்பிடும் ஃபங்ஷனிலேயே பெயரையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

தற்செயல் எண் தரும் ரேண்ட் ஃபங்ஷனும் நூலகத்தின் விருப்பம். விதை 1 கொடுத்தால் ஜிலிப்சியில் முதல் எண் 1804289383, விஷுவல் சியில் 41. அதிகபட்சமும் அங்கே 2147483647, இங்கே 32767. நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பியும் இப்படித்தான்: மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் யூபி. 2010இல் ஜிலிப்சி வேகத்துக்காக நகலெடுக்கும் திசையை மாற்றியதும், அந்தத் தவறைச் செய்திருந்த ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி ஃபெடோரா 14இல் கரகரத்தது. ஏறியிருக்க வாய்ப்பிருந்தால் மெம்மூவ்.

17. பிரின்ட்எஃப்ல நல் பாயின்டரைச் சரமா கொடுத்தா "நல்"னு அழகா பிரின்ட் ஆச்சு. பின்னாடி ஒரு நியூலைன் சேர்த்தேன், கிராஷ்!

நல் பாயின்டரைச் சரமாகக் கொடுப்பது யூபி. ஜிலிப்சியின் பிரின்ட்எஃப் இரக்கப்பட்டு அடைப்புக்குறிக்குள் நல் என்று எழுதும். ஆனால் சரமும் புதுவரியும் மட்டுமே உள்ள பிரின்ட்எஃபை ஜிசிசி புட்ஸாக மாற்றிவிடும், அது வேகம் என்பதால். புட்ஸுக்கு அந்த இரக்கம் இல்லை.

18. ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைல்ல எழுதினேன். இன்னொரு சிஸ்டத்துல படிச்சா குப்பை.

ஸ்ட்ரக்ட் என்பது பல மாறிகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு. அதன் உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் விடும் வெற்றிடம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கேரும் ஒரு டபுளும் உள்ள ஸ்ட்ரக்ட் 32 பிட் லினக்ஸில் 12 பைட், 32 பிட் விண்டோஸில் 16. உள்ளே லாங் இருந்தால் 5ஆம் கேள்வியின் சிக்கலும் சேரும். ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாக, அளவும் பைட் வரிசையும் முடிவு செய்து எழுதுங்கள். எளிய தரவு என்றால் உரையாகவே எழுதிவிடலாம், கண்ணால் படித்துச் சரிபார்க்கவும் முடியும்.

19. ஜாவா, பைத்தான்ல இந்தத் தொல்லையே இல்லையே?

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. ஜாவாவில் இன்ட் எங்கும் 32 பிட், கோவை எப்போதும் இடமிருந்து வலம். 6ஆம் கேள்விக்கு எந்த ஜாவாவிலும் 13தான். ஆனாலும் 15ஆம் கேள்வியின் எக்ஸ்87 தொல்லைக்கு இடம் கொடுத்து ஜாவா 1.2இல் தசமக் கணக்கைத் தளர்த்தினார்கள், 2021இல் வந்த ஜாவா 17இல்தான் திரும்ப இறுக்கினார்கள்.

பைத்தானில் கோப்பை மூடாமல் விட்டால், பைத்தானை ஓட்டும் இரு மென்பொருள்களில் சிபைத்தான் கடைசிச் சுட்டு போனதும் மூடிவிடும், பைபை தனக்குத் தோன்றும்போது மூடும். எழுதிய தரவு கோப்பில் இல்லை என்று பைபையில் தேடுபவர்கள், கோப்பைத் தானாக மூடும் வித் கட்டளையைப் பயன்படுத்தாதவர்கள்.

20. கம்பைலரை அப்டேட் பண்ணதும் பழைய புராஜெக்ட் உடைஞ்சிடுச்சு. கோடுல ஒரு வரிகூட மாத்தல.

ஜிசிசி 14 (2024), அறிவிக்காமல் ஃபங்ஷனை அழைப்பதைப் பிழையாக்கிவிட்டது. அதுவரை எச்சரிக்கை மட்டும். நல்ல முடிவு என்போம். முகவரி தரும் ஒரு ஃபங்ஷனுக்கு உரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்காவிட்டால் அது இன்ட் தருவதாகக் கம்பைலர் எண்ணிக்கொண்டு, 64 பிட் முகவரியை 32க்கு வெட்டிவிடும் அபாயம் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்தது. ஜிசிசி 15 (2025), சொல்லாவிட்டால் சி23 என்று எடுத்துக்கொள்கிறது. அதில் பூல் ஒரு சாவிச்சொல். நீங்களே பூல் என்று டைப்டெஃப் செய்திருந்தால் இடிக்கும். வெற்று அடைப்புக்குறி இனி "ஆர்க்யுமென்ட் கிடையாது" என்றே பொருள்படும்.

சி23ஆல் வந்த சிக்கலுக்குத் தற்காலிகமாக -எஸ்டிடி=க்னூ17 போடுங்கள். எந்தத் தரநிலை என்பதை பில்ட் கோப்பில் எப்போதும் எழுதி வைத்தால் அடுத்த அப்டேட்டில் தூக்கம் கெடாது.

21. என் கோடு இப்படி எங்கேயாவது மாட்டியிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா, -பெடான்டிக் மூன்றும் போட்டு எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் ஆக்குங்கள். அடுத்து அதே நிரலை ஜிசிசி, கிளாங் இரண்டிலும், -ஓ0, -ஓ2 இரண்டிலும் ஓட்டுங்கள். நான்கு விடையில் ஒன்று மாறினாலும் தேட ஆரம்பிக்கலாம். பல கம்பைலர்களை நிறுவ இடமில்லையென்றால் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் சிறு துண்டுகளை ஒட்டிப் பார்க்கலாம்.

பிறகு சானிடைசர்: -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட். வழிதல், 0ஆல் வகுத்தல், அளவு மீறிய தள்ளல், அட்டவணைக்கு வெளியே தொடுதல் ஆகியவற்றை ஓடும்போதே வரி எண்ணோடு சொல்லும். இரண்டு குறை. ஓடாத பாதையில் உள்ள தவறு அதற்குத் தெரியாது. 6ஆம் கேள்வியின் ++ வகையையும் அது பிடிக்காது, அதற்கு எச்சரிக்கைகளே துணை.

22. எல்லாம் செஞ்சாச்சு, யூபி எதுவும் இல்ல, இன்னும் விடை மாறுது. இப்பவாவது கம்பைலர் பக்னு சொல்லலாமா?

2ஆம் கேள்வியின் முதல் இரண்டு வகைகளையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம். கம்பைலர் பிழைகள் இல்லாதவை அல்ல. யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான சிஸ்மித் என்ற கருவி, யூபி இல்லாத நிரல்களைத் தானாக எழுதிக் கம்பைலர்களை ஒப்பிட்டுப் பார்த்து, 2011 வாக்கில் 325க்கும் மேற்பட்ட புதிய பிழைகளைப் பிடித்துக் கொடுத்தது.

அறிக்கை அனுப்பும் முன் நிரலைச் சுருக்குங்கள். அதே ஆய்வுக் குழுவின் சி-ரெட்யூஸ் ஆயிரக்கணக்கான வரியைச் சில வரிகளுக்குக் கொண்டுவரும். சுருக்கும்போது யூபி புகுந்துவிடும், எனவே ஒவ்வொரு கட்டத்திலும் சானிடைசரையும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். கம்பைலர் பதிப்பு, எந்தச் சில்லு, எந்த இயங்குதளம், கொடுத்த முழுக் கட்டளை, எதிர்பார்த்த விடை, வந்த விடை, -இ சுவிட்சால் தலைப்புக் கோப்புகளை விரித்தெடுத்த கோப்பு ஆகிய எல்லாம் அறிக்கையில் இருக்கட்டும். விரித்த கோப்பு இல்லாவிட்டால் உங்கள் கணினியில் நடந்தது அவர்கள் கணினியில் நடக்காது, முதல் பதிலே அதைக் கேட்டுத்தான் வரும்.